தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? – பாறையைப் பிளந்தவர்களின் கதை

பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்கி, அடியில் இருக்கும் பாறைக்குள் தண்ணீரை முழு வேகத்தில் பம்ப் செய்தால் என்ன ஆகும்? பாறை பிளக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் பிளக்கும்? எவ்வளவு தூரம் போகும்? ஒரே விரிசலாகப் போகுமா, நூறாகப் பிரியுமா? இங்கேதான் சிக்கல். கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வர யாராலும் முடியாது. அதனால் 75 வருஷங்களுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இதைக் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது சும்மா ஆர்வத்தில் கேட்கிற கேள்வி இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள், சூடான பாறையிலிருந்து மின்சாரம் எடுக்க நினைப்பவர்கள், எல்லோருக்கும் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்பதே இந்த விடையில்தான் இருக்கிறது. கணக்குத் தப்பினால் கோடிக்கணக்கில் பணம் போகும். அதைவிட மோசமாக, இந்தத் திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மக்களின் வீட்டுச் சுவரும் விழலாம். இரண்டுமே நடந்திருக்கின்றன.

கணக்கு ஏன் தப்பியது? ஆரம்பத்தில் எல்லோரும் பாறையை ஒரே முழுக்கட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாறை ஏற்கனவே உடைந்துதான் கிடக்கிறது. அந்தப் பழைய உடைசலைக் கணக்கில் சேர்க்கக் கற்றுக்கொண்ட கதைதான் இது.

1947: கெட்டியாக்கிய பெட்ரோல்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹுகோடன் என்று ஒரு பெரிய எரிவாயு வயல். 1947-ல் ஸ்டானோலிண்ட் என்ற எண்ணெய் நிறுவனம் அங்கே கிளெப்பர் என்ற கிணற்றில் ஒரு சோதனை செய்தது. அதன் பின்னணியில் இருந்தவர் ஃப்ளாய்ட் ஃபாரிஸ். கிணற்றுக்குள் அழுத்தத்துக்கும் பாறை பிளப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் அவர். அன்று பம்ப் செய்தது தண்ணீர் கூட இல்லை. நேபாம் சேர்த்துக் கெட்டியாக்கிய பெட்ரோல்! (ஆமாம், இரண்டாம் உலகப் போரில் குண்டுகளில் போட்ட அதே நேபாம்தான்.)

கிணற்றின் உற்பத்தி ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. ஆனாலும் நிறுவனம் யோசனையைக் கைவிடவில்லை. ஹாலிபர்டன் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. 1949 மார்ச் 17 அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் ஒவ்வொரு கிணற்றில் முதல் முறையாக இது வணிக ரீதியில் நடந்தது. அந்த ஒரு வருஷத்திலேயே 332 கிணறுகளில் செய்துவிட்டார்கள். இன்று 'ஃப்ராக்கிங்' என்று உலகம் முழுக்கச் சண்டை போடுகிற விஷயம் இப்படித்தான் தொடங்கியது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வியாபாரம் முதலில் வந்தது. விளக்கம் பிறகுதான் வந்தது. கிணற்றில் உற்பத்தி கூடியது, பணம் வந்தது. ஆனால் கீழே விரிசல் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாறை அடுக்குகளை ஜாக்கி போட்டுத் தூக்குவது போல, விரிசல் தரைக்குக் கிடையாகத்தான் திறக்கும் என்று அன்றைக்குப் பலரும் நம்பினார்கள்.

ஜெல்லியில் கிடைத்த விடை

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் கிங் ஹப்பர்ட், டேவிட் வில்லிஸ் என்ற இரண்டு பேர். ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள். 1957-ல் வெளிவந்த அவர்களின் கட்டுரை இந்தத் துறைக்கே அஸ்திவாரம் எனலாம்.

அவர்கள் சொன்னது ரொம்ப எளிது. பூமிக்குள் பாறை மூன்று திசைகளிலும் நெருக்கப்படுகிறது: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. மூன்றும் சமமாக இருப்பதில்லை. விரிசல் திறக்க வேண்டுமென்றால் அதன் இரண்டு சுவர்களும் விலகியாக வேண்டும். எந்தத் திசையில் நெருக்கம் குறைவோ அந்தத் திசையில் விலகுவதுதான் சுலபம். கூட்டம் நெரியும் பஸ்ஸில் ஒருவர் புகுந்தால், நெருக்கம் குறைந்த பக்கத்தில் இருப்பவர்கள்தானே நகர்ந்து இடம் விடுவார்கள்? அதே கதைதான்.

ஆழத்தில் மேலிருந்து அமுக்கும் எடை மிக அதிகம். பக்கவாட்டு நெருக்கத்தில் ஒன்றுதான் பெரும்பாலும் குறைவாக இருக்கும். எனவே விரிசல் சுவர் போல நிமிர்ந்து நிற்கும், கிடையாக இருக்காது. இதைக் காட்ட அவர்கள் ஜெலட்டின் கட்டியை வளையும் பாட்டிலுக்குள் வைத்து, ஒரு பக்கம் நெருக்கி, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலைச் செலுத்தினார்கள். கரைசல் இறுகியதும் ஜெலட்டினை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தால், விரிசலின் அச்சு அப்படியே கையில் கிடைத்தது. சமையலறையில் செய்துவிடக் கூடிய சோதனை. பெரிய பெரிய எண்ணெய் நிறுவனங்களின் எண்ணத்தையே மாற்றிவிட்டது!

ஆனால் ஜெலட்டினில் ஒரு குணம் உண்டு. அது வழவழவென்று ஒரே சீராக இருக்கும். அதற்குள் பழைய பிளவு எதுவும் கிடையாது.

கச்சிதமான இரண்டு சிறகு

திசை தெரிந்துவிட்டது. நீளமும் அகலமும்? இதற்குத் தேவையான அடிப்படை ஒன்று முன்பே தயாராக இருந்தது. 1921-ல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடி ஏன் உடைகிறது என்று ஆராய்ந்து, ஒரு விரிசல் வளர எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார். அதன் மேல் கட்டப்பட்டவைதான் புகழ்பெற்ற இரண்டு கணித மாதிரிகள்.

ஒன்றைச் சோவியத் விஞ்ஞானிகள் கிறிஸ்டியனோவிச்சும் ஜெல்தோவும் 1955-ல் தொடங்கிவைக்க, கேர்ட்ஸ்மாவும் டி கிளெர்க்கும் 1969-ல் முழுமை செய்தார்கள். நீளம் குறைவான விரிசலுக்கு இது பொருந்தும். இன்னொன்று பெர்கின்ஸும் கெர்னும் 1961-ல் தந்தது. நோர்ட்க்ரென் 1972-ல் செப்பனிட்டார். உயரம் மாறாமல் நீண்டுகொண்டே போகும் விரிசலுக்கு இது. இரண்டிலுமே கிணற்றின் இரு பக்கமும் பறவைச் சிறகு போல சமமாக விரியும் ஒற்றை விரிசல்தான் படம்.

இந்த மாதிரிகளின் உயிர்நாடி ஒரு வரவு-செலவுக் கணக்கு.

பம்ப் செய்த தண்ணீர் = விரிசலுக்குள் நிற்கும் தண்ணீர் + பாறைக்குள் கசிந்த தண்ணீர்.

அவ்வளவுதான். கசிவு நேரம் ஆக ஆகக் குறையும் என்று 1957-ல் கார்ட்டர் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் விரிசலின் நீளம் வந்துவிடும். கையாலேயே போட்டுவிடக் கூடிய கணக்கு. பொறியாளர்கள் இதை விரும்பியதில் ஆச்சரியமே இல்லை. சீரான மணற்கல்லில் இது நன்றாகவே வேலையும் செய்தது.

பிரச்சினை எங்கே என்றால், அந்தக் கடைசி உருப்படியில். கணக்கு டேலி ஆகாதபோது வித்தியாசத் தொகையைச் 'சஸ்பென்ஸ் கணக்கில்' போட்டு வைப்பார்கள் அல்லவா? அது போல, எங்கே போனது என்று விளங்காத தண்ணீரை எல்லாம் 'கசிவு' என்ற தலைப்பில் எழுதிவிட முடிந்தது. கணக்கு டேலி ஆகிவிடும். ஆனால் தண்ணீர் நிஜமாகவே எங்கே போனது?

பழைய பிளவு என்றால் என்ன?

ஒரு கருங்கல் குவாரியின் சுவரைப் பார்த்தால் புரியும். கல் முழுக்கக் கோடு கோடாக வெடிப்புகள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று திசைகளில், வரிசை வரிசையாக. பாறைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வந்தவை சில, மேலே இருந்த நிலம் அரித்துப் போய் எடை குறைந்தபோது வந்தவை சில, பூமித் தட்டுகள் தள்ளியதில் வந்தவை சில. சிலவற்றில் சுண்ணாம்புக் கனிமம் படிந்து மூடியிருக்கும். மூடினாலும் ஒட்டுப்போட்ட இடம் ஒட்டுப்போட்ட இடம்தானே! அங்கே பலம் குறைவுதான்.

புதிய விரிசல் ஒன்று வளர்ந்துகொண்டே போய் இப்படி ஒரு பழைய பிளவில் முட்டினால் மூன்று வழிகள் இருக்கின்றன. நேராகக் குறுக்கே கடந்து போகலாம். அங்கேயே நின்றுவிடலாம். அல்லது திரும்பி, பழைய பிளவையே திறந்துகொண்டு அதன் வழியில் போகலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் இந்த மூன்றில் எது நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கடைசிப் படம் ஒற்றைக் கோடா, வலையா என்பது முடிவாகும்.

இதை ஆய்வகத்தில் முதலில் பார்த்தவர்களில் லமான்ட், ஜெஸ்ஸன் இருவரும் 1963-ல் தந்த முடிவு தெம்பூட்டுவதாக இருந்தது. அவர்களின் சோதனைகளில் விரிசல் பழைய பிளவைக் கடந்து போனது. அப்படியானால் கவலை வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் 1982-ல் பிளாண்டன் செய்த சோதனைகள் வேறு கதை சொன்னன. சந்திக்கும் கோணம் செங்கோணத்துக்குப் பக்கமாகவும், இரண்டு திசை நெருக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் அதிகமாகவும் இருந்தால்தான் விரிசல் கடக்கிறது. கோணம் சாய்வாகவோ, வித்தியாசம் குறைவாகவோ இருந்தால் நின்றுவிடுகிறது அல்லது பழைய பிளவுக்குள் திரும்பிவிடுகிறது.

ஏன் இப்படி? ஒரு துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இழுத்தால் கிழியும். கையில் எண்ணெய் இருந்தால்? துணி நழுவும், கிழியாது. பழைய பிளவின் இரு முகங்களும் உராய்வால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தால், விரிசல் முனையின் இழுவிசை அந்தப் பக்கத்துக்கும் கடந்து, அங்கேயும் பாறை கிழியும். பிடி தளர்ந்தால் முகங்கள் வழுக்கிவிடும், இழுவிசை அங்கேயே செத்துவிடும். செங்கோணச் சந்திப்புக்கு இந்த உராய்வுக் கணக்கை ரென்ஷாவும் பொலார்டும் 1995-ல் சூத்திரமாக்கிச் சோதித்தும் காட்டினார்கள். சாய்வான கோணங்களுக்கு கு, வெங் என்ற இருவர் 2010-ல் அதை விரிவாக்கினார்கள்.

தோண்டிப் பார்த்தார்கள்

ஆய்வகக் கல் வேறு, மலைப் பாறை வேறு என்று யாராவது சொல்லலாம் இல்லையா? அதற்கும் விடை தேடினார்கள். அமெரிக்காவில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்த நெவாடா வளாகத்தில் மலைக்குள் சுரங்கங்கள் இருந்தன. அங்கே சாண்டியா ஆய்வகத்தினர் பாறைக்குள் சாயம் கலந்த திரவத்தைச் செலுத்திப் பிளந்துவிட்டு, பிறகு அந்த இடத்தைச் சுரங்கம் போலத் தோண்டிக்கொண்டே போய் விரிசலைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

வழவழப்பான இரண்டு சிறகு அங்கே இல்லை. விரிசல் பழைய பிளவுகளில் முட்டி, கொஞ்சம் விலகி, மறுபடி தொடங்கி, பல இழைகளாகப் பிரிந்து போயிருந்தது. இந்த அனுபவங்களையும் ஆய்வகச் சோதனைகளையும் சேர்த்து வார்பின்ஸ்கியும் டியூஃபலும் 1987-ல் எழுதிய கட்டுரையை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஃபென்டன் ஹில்: சேராத இரண்டு கிணறுகள்

இனி இந்தத் தப்புக் கணக்குக்கு விலை கொடுத்தவர்களின் கதை. நியூ மெக்சிகோ மாநிலத்தில், பழைய எரிமலை வாய் ஒன்றின் ஓரத்தில் ஃபென்டன் ஹில் என்ற இடம். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் அங்கே 1970-களில் ஒரு கனவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கீழே பாறை கொதிக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை. ஒரு கிணற்றில் குளிர்ந்த தண்ணீரை விட்டு, பாறை விரிசல் வழியே ஓடவைத்து, சூடானதை இன்னொரு கிணற்றில் எடுத்தால் மின்சாரம்! நிலக்கரியும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்.

இதற்கு இரண்டு கிணற்றையும் ஒரு விரிசல் இணைக்க வேண்டும். அவர்கள் மனதில் இருந்தது நிமிர்ந்து நிற்கும், நாணயம் போன்ற வட்டமான ஒரு விரிசல். முதல் கட்டத்திலேயே கிணறுகள் சரியாகச் சேரவில்லை. 1977-ல் ஒன்றைத் திரும்பத் துளைத்த பிறகுதான் இணைப்புக் கிடைத்தது. இரண்டாம் கட்டத்தில் இன்னும் ஆழமாக, சாய்வாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கிணறுகள். ஆழமான கிணறு நான்கு கிலோமீட்டரைத் தாண்டியது. அடியில் வெப்பம் 300 டிகிரி செல்சியசுக்கும் மேல். கீழ்க் கிணற்றிலிருந்து விரிசல் நிமிர்ந்து எழும்பி மேல் கிணற்றைத் தொடும் என்பது திட்டம்.

1983 டிசம்பரில் கீழ்க் கிணற்றில் சுமார் 21,000 கன மீட்டர் தண்ணீரைச் செலுத்தினார்கள். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் சொன்னால் 1,750 லாரித் தண்ணீர்! மேல் கிணற்றுக்கு இணைப்பு? கிடைக்கவில்லை.

ஆனால் இந்த முறை அவர்களிடம் காது இருந்தது. பாறை உடையும்போதும் வழுக்கும்போதும் எழும் மிக மெல்லிய அதிர்வுகளைக் கருவிகளால் பதிவு செய்து, ஒவ்வொன்றும் எங்கே எழுந்தது என்று புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் ஒரு தாள் போல மெல்லிய வட்டமாக அமையவில்லை. நூறு மீட்டருக்கும் மேல் தடிமனான, சாய்ந்த ஒரு மேகம் போல இருந்தன. தண்ணீர் புதிதாக ஒரு விரிசலை உண்டாக்கிக்கொண்டு போவதைவிட, கிரானைட்டில் ஏற்கனவே இருந்த பிளவுகளைத் திறந்துகொண்டு அவற்றின் போக்கில்தான் போயிருக்கிறது.

பிறகு என்ன செய்தார்கள்? 1985-ல் மேல் கிணற்றைப் பாதியிலிருந்து திருப்பி, அந்தப் புள்ளி மேகத்துக்குள்ளேயே துளைத்தார்கள். இணைப்புக் கிடைத்துவிட்டது. கிணறு இரண்டையும் முதலில் தோண்டிவிட்டு விரிசலை வரச்சொன்னது தவறு. தண்ணீர் போன வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கிணற்றை அங்கே கொண்டுபோக வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய பத்து வருஷமும் ஏகப்பட்ட பணமும் ஆனது.

கார்ன்வால்: கீழே இறங்கிய தண்ணீர்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரோஸ்மனோஸ் என்ற கிரானைட் குவாரி. கேம்போர்ன் சுரங்கக் கல்லூரியினர் 1977 முதல் இதே சூடான பாறை ஆராய்ச்சியை அங்கே நடத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு இரண்டு கிணறுகள். சுரங்கக்காரர்கள் அல்லவா, பாறையில் பழைய பிளவுகள் உண்டு என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பிளவுகளைக் குறுக்கே வெட்டுவது போலத்தான் கிணற்றையே சாய்த்துத் துளைத்தார்கள்.

1982-ல் தண்ணீரைச் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கான நுண்ணதிர்வுகள். ஆனால் அவை மேல் கிணற்றை நோக்கிப் போகாமல் கீழே கீழே இறங்கின. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரைக்கும்! செலுத்திய தண்ணீரில் பெரும் பங்கு திரும்பி வரவில்லை.

பைன், பேட்ச்லர் இருவரும் 1984-ல் இதற்கு விளக்கம் தந்தார்கள். ஒரு பழைய பிளவு வாய் திறக்க நிறைய அழுத்தம் வேண்டும். ஆனால் சாய்வாக நெருக்கப்பட்டிருக்கும் பிளவு, வாய் திறக்கும் முன்பே வழுக்கிவிடும். அதற்குக் குறைந்த அழுத்தமே போதும். வழுக்கும்போது இரு முகங்களின் மேடு பள்ளங்கள் பொருந்தாமல் போய் நடுவே இடைவெளி விழும்; தண்ணீர் அதில் ஓடும். கார்ன்வாலில் ஆழம் கூடக்கூட வழுக்குவதற்குத் தேவையான அழுத்தம் மெதுவாகத்தான் கூடியது. தண்ணீரின் சொந்த எடையால் வரும் அழுத்தமோ அதைவிட வேகமாகக் கூடியது. எனவே கீழே போகப்போக வழுக்குவது இன்னும் சுலபமாகிவிட்டது.

இது பெரிய திருப்பம். அதுவரை 'பிளத்தல்' என்று மட்டுமே நினைத்த ஒரு விஷயத்தில் 'வழுக்கல்' நுழைந்துவிட்டது. இரண்டு சிறகு மாதிரியில் இதற்கு இடமே கிடையாது. வேறு வகைக் கணக்கு வேண்டும். அதற்கான விதையை பீட்டர் கண்டல் என்பவர் 1971-லேயே போட்டிருந்தார். பாறையை ஒரே கட்டியாக எடுக்காமல், தனித்தனிக் கட்டிகளின் அடுக்காக எடுத்து, ஒவ்வொரு கட்டியும் பக்கத்துக் கட்டியோடு உரசி நகர்வதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை. பைனும் கண்டலும் 1985-ல் அதோடு தண்ணீர் ஓட்டத்தையும் சேர்த்து கார்ன்வால் பாறைக்குப் பயன்படுத்தினார்கள். பழைய பிளவுகள் அதுவரை 'கசிவு' என்ற தலைப்பில் ஒளிந்திருந்தன. இங்கே முதல் முறையாக அவற்றுக்கென்று தனிப் பேரேடு திறக்கப்பட்டது எனலாம்.

பார்னெட்: தொல்லையே லாபமானது

பழைய பிளவு எப்போதும் வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சாஸில் பார்னெட் என்ற களிப்பாறை அடுக்கு இருக்கிறது. வாயு நிறைய உண்டு. ஆனால் பாறை அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். மிட்செல் எனர்ஜி நிறுவனம் வருஷக்கணக்கில் முயன்று, 1990-களின் கடைசியில் கெட்டியான திரவத்தை விட்டுவிட்டுக் கிட்டத்தட்ட வெறும் தண்ணீரையே செலுத்தியது. செலவும் குறைந்தது, விளைச்சலும் நன்றாக இருந்தது.

2002-ல் வெளியான நுண்ணதிர்வுப் படங்கள் கீழே நடப்பதை ஓரளவு காட்டின. ஒற்றைக் கோட்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குப் பரவிய புள்ளிகள். கனிமம் படிந்து மூடிக் கிடந்த பழைய பிளவுகள் மறுபடி திறந்து ஒரு வலையே உருவாகியிருக்கிறது என்று விளக்கினார்கள். வலை என்றால் பாறையைத் தொடும் பரப்பு அதிகம், வாயுவும் அதிகம். நியூ மெக்சிகோவில் நஷ்டம் கொடுத்த அதே குணம் டெக்சாஸில் லாபம் கொடுத்தது!

லாபம் வந்ததும் மாதிரிகளும் வேகம் பிடித்தன. ஷ்லும்பெர்ஜர் நிறுவனத்தின் வெங் குழுவினர் 2011-ல் வெளியிட்ட மாதிரியில் விரிசல் ஒவ்வொரு பழைய பிளவைச் சந்திக்கும்போதும் 'கடக்குமா, நிற்குமா, திரும்புமா' என்று கணக்குப் போட்டுப் பார்க்கும். அந்த 1995, 2010 சூத்திரங்கள்தான் உள்ளே வேலை செய்கின்றன.

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. டெக்சாஸின் ஈகிள் ஃபோர்ட் அடுக்கில், பிளந்து முடித்த பாறைக்குள்ளேயே மறுபடி துளைத்து மாதிரிக் கல்லை எடுத்துப் பார்த்தது கோனோகோபிலிப்ஸ் நிறுவனம். முடிவு 2017-ல் வெளியானது. திரவம் வெளியேற விட்ட துளைத் தொகுதிகளை எண்ணினால் கிடைப்பதைவிட மிக அதிகமான விரிசல்கள், கொத்துக் கொத்தாக. ஆனால் பெரும்பாலும் ஒரே திசையில், பக்கம் பக்கமாக. ஒற்றைக் கோடும் இல்லை, குறுக்கும் நெடுக்குமான வலையும் இல்லை! ஒரு வயலில் சரியாக வந்த படத்தை இன்னொரு வயலில் அப்படியே ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பாசல், போஹாங்: பில் யாருக்கு வந்தது?

இதுவரை சொன்ன நஷ்டம் எல்லாம் ஆய்வகங்களுக்கும் நிறுவனங்களுக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அது மக்களிடம் வந்தது. 1356-ல் ஒரு பெரும் நிலநடுக்கத்தில் நாசமான ஊர் அது. அங்கே நகருக்கு அடியில் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் 2006 டிசம்பர் தொடக்கத்தில் ஆறு நாட்களில் 11,500 கன மீட்டருக்கும் மேல் தண்ணீரைச் செலுத்தினார்கள். டிசம்பர் 8 அன்று 3.4 அளவில் நில அதிர்வு. யாரும் சாகவில்லை. ஆனால் சுவர்கள் விரிந்தன, மக்கள் நடுங்கிப் போனார்கள், லட்சக்கணக்கான பிராங்க் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. 2009-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

தென்கொரியாவின் போஹாங் இன்னும் கசப்பான பாடம். அங்கே நான்கு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இரண்டு கிணறுகள். 2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர் வரை விட்டுவிட்டுத் தண்ணீரைச் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3-க்கு மேல் ஒரு அதிர்வு வந்தது. வேலை தொடர்ந்தது. நவம்பர் 15 அன்று 5.5 அளவில் நிலநடுக்கம். பலர் காயமடைந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து முகாம்களில் தங்கினார்கள். மறுநாள் நடக்க இருந்த கல்லூரி நுழைவுத் தேர்வை நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். கொரியாவில் அந்தத் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அரசு அமைத்த நிபுணர் குழு 2019 மார்ச்சில் அறிக்கை தந்தது. இதுவரை வரைபடத்தில் இல்லாத ஒரு பெரிய நிலப்பிளவின் மேல் தண்ணீரின் அழுத்தம் பட்டு, அது நழுவியதுதான் காரணம் என்று சொன்னது. கிணறு துளைக்கும்போதே சுமார் 3.8 கிலோமீட்டர் ஆழத்தில் துளைச்சேறு பெருமளவு காணாமல் போயிருந்தது. அங்கே பிளவு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அப்போது அதன் பொருளை யாரும் முழுசாகப் படிக்கவில்லை.

இங்கே ஒரு மாதிரியின் தோல்வியையும் சொல்ல வேண்டும். செலுத்தும் தண்ணீரின் அளவு தெரிந்தால், வரக்கூடிய அதிகபட்ச அதிர்வைக் கணக்கிடலாம் என்று மெக்கார் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2014-ல் ஒரு தொடர்பைத் தந்திருந்தார். பல இடங்களில் அது பொருந்தியும் இருந்தது. அந்தக் கணக்குப்படி போஹாங் அளவுக்கு அதிர்வு வர, அங்கே செலுத்தியதைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீர் வேண்டும்! ஏன் தப்பியது? நாம் போடுகிற முதலைப் பொறுத்துத்தான் நஷ்டம் இருக்கும் என்று அந்தக் கணக்கு நினைத்தது. பாறையிலோ நீண்ட காலமாகச் சேர்ந்திருந்த பழைய கடன் ஒன்று இருந்தது. தண்ணீர் போட்டது வெறும் கையெழுத்து. மொத்தக் கடனும் ஒரே நாளில் வசூலாகிவிட்டது. வசூலானது திட்டம் போட்டவர்களிடம் அல்ல, ஊர்க்காரர்களிடம்.

இப்போது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மில்ஃபோர்டுக்கு அருகே அரசுப் பணத்தில் யூட்டா பல்கலைக்கழகம் நடத்தும் 'ஃபோர்ஜ்' என்ற ஆய்வுத் திட்டம் இருக்கிறது. அதே சூடான கிரானைட், அதே இரண்டு கிணறு யோசனை. ஆனால் வரிசை மாறிவிட்டது. முதல் கிணற்றைத் துளைத்து 2022-ல் பாறையைப் பிளந்தார்கள். நுண்ணதிர்வுப் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று பார்த்தார்கள். 2023-ல் இரண்டாம் கிணற்றை அந்த மேகத்துக்குள் செலுத்தினார்கள். 2024-ல் சுற்றோட்டச் சோதனையில், உள்ளே விட்ட தண்ணீரில் பெரும் பகுதி சூடாகித் திரும்பி வந்தது. ஃபென்டன் ஹில்லில் நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இங்கே திட்டத்தின் முதல் வரியாகிவிட்டது.

கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்டன, லட்சக்கணக்கான பிளவுகளை வைத்துக் கணக்குப் போட முடிகிறது. ஆனாலும் அடிப்படைச் சிரமம் மாறவில்லை. கிணறு தொட்ட பிளவுகளை மட்டுமே நேரில் அளக்க முடியும். பத்தடி தள்ளி இருப்பது ஊகம்தான். அதனால்தான் இன்றைய மாதிரிகள் ஒரே ஒரு படத்தைக் கொடுப்பதில்லை. பிளவுகள் இப்படி இருந்தால் இப்படிப் போகும், அப்படி இருந்தால் அப்படிப் போகும் என்று பல படங்களைக் கொடுத்து, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கின்றன. பம்ப் ஓடும்போதே அதிர்வுகளைக் கேட்டு, கணக்கைத் திருத்தி, வரம்பு தாண்டினால் நிறுத்தும் வழக்கமும் வந்திருக்கிறது. பாசலில் நிறுத்தினார்கள், பம்ப் நின்ற பிறகுதான் பெரிய அதிர்வு வந்தது. எனவே வரம்பையே இன்னும் கீழே வைக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கணித மாதிரியை யாராவது காட்டினால், விடை என்ன என்று கேட்பதற்கு முன் ஒன்று கேட்கலாம்: இதில் எதை விட்டுவிட்டீர்கள்? 1957-ல் ஜெலட்டினில் விடுபட்டது பழைய பிளவு. போஹாங்கில் விடுபட்டதும் அதுவேதான். இடையில் 60 வருஷங்கள். தண்ணீருக்கு மட்டும் எந்த வழி திறந்திருக்கிறது என்பதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.